முந்திரிக்கு முன்னால் இரண்டு எழுத்து

மட்டக்களப்பு
20.01.2024

அன்புள்ள அக்கா,

வீட்டில் எல்லோரும் சுகம். அப்பாவின் கால் வீக்கம் மட்டும் இருந்தபடி இருக்கிறது. அங்கே இந்தியாவில், மடத்தில் நீயும் மற்றச் சிஸ்டர்மாரும் சுகமாயிருக்க மாதா பார்த்துக்கொள்ளட்டும். கடிதத்தை மதர் முதலில் வாசிப்பார் என்பதால் அவருக்கும் இங்கேயே ஒரு வணக்கம்.

பெரிய செய்தி. வைன் விற்க அனுமதிப்பத்திரம் வந்துவிட்டது. இத்தனை வருஷமும் பரிசோதனைக்கு மட்டும் என்று சொல்லிச் சொல்லியே காய்ச்சினோம், இனி கடையில் வைக்கலாம். சுதாகரன் அந்தக் கடதாசியைக் கண்ணாடிச் சட்டம் போட்டு எங்கள் கலியாணப் படத்தை இறக்கிவிட்டு அந்த ஆணியில் மாட்டியிருக்கிறார். புருஷன்மாரின் குணம் மதருக்கும் தெரிந்திருக்கட்டும்.

மதருக்கு எங்கள் கதை தெரியாது, அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். அப்பா பதுளை வீதியில் பஸ் ஓட்டியவர். சித்திரை மாதத்தில் செங்கலடி தாண்டினால் பஸ்ஸுக்குள்ளேயே கஜுப்பழம் அழுகிய மணம் வரும். கொட்டையை ஓட்டமாவடி சாலிஹ் காக்கா வாங்கிப் போவார், பழம் மாட்டுக்கும் மண்ணுக்கும். நான் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த காலம். ஒருநாள் அப்பா ஒரு பை பழத்தை என் முன்னால் கொட்டினார். "நாலு வருஷம் படிச்ச நீ, இதுக்கொரு வழி சொல்லு பாப்பம்" என்றார்.

வழி சொல்ல எனக்குப் பல வருஷம் எடுத்தது. முதலில் கள்ளின் அடியில் தங்கும் மட்டியைப் போட்டுப் புளிக்க வைத்தேன், வினாகிரி வந்தது. இரண்டு வருஷம் ஊரே எங்கள் வினாகிரியில்தான் அச்சாறு போட்டது. பிறகு நொதியை மாற்றினேன். ஆனால் கஜுப்பழத்தின் கயர்ப்பு போகவில்லை, குடித்தால் நாக்கு மடித்துக்கொண்டு நிற்கும். சோறு வடித்த கஞ்சியைச் சாற்றில் கலந்து ஓர் இரவு விட்டால், கயர்ப்பெல்லாம் அதோடு சேர்ந்து அடியில் தங்கிவிடுகிறது என்று கண்டுபிடித்த அன்று நானும் சுதாகரனும் கொட்டிலுக்குள் ஆடினோம். கடைசித் தொல்லை வெயில். சித்திரை வெக்கையில் புளித்தால் வைன் வெந்த மாதிரி ருசிக்கும். பால் சேகரிக்கும் நிலையம் ஒன்று மூடினபோது அவர்களுடைய குளிரூட்டும் தாங்கியை வாங்கினோம். பால் இருந்த இடத்தில் இப்போது வைன் இருக்கிறது. மட்டக்களப்பில் இந்த வேலையை முதலில் செய்தது நாங்கள்தான். பெருமையடிப்பது பாவமென்றால் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறேன்.

இனி உன் வேலை. லேபலின் முன்பக்கம் முழுவதும் தமிழ்ப் பெயர் மட்டும் பெரிதாக வரவேண்டும். சிங்களமும் ஆங்கிலமும் பின்பக்கம் சின்ன எழுத்தில் வரும். கஜு என்று போடச் சுதாகரனுக்கு மனமில்லை, நல்ல தமிழாக இருக்க வேண்டுமாம். கிறிஸ்து பிறப்புக்கு மடத்து நத்தார் அட்டைகளை எழுதுவது நீதானே? பெயரை நீயே வைத்து, உன் கையாலேயே எழுதி அனுப்பு. அப்பாவுக்கும் அதுதான் ஆசை.

அன்புத் தங்கச்சி,
மெற்றில்டா

*

சேசு மரி சூசை
08.02.2024

பிரியமுள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை வாசித்து மதர் சத்தமாகச் சிரித்தார். கலியாணப் படத்தைத் திரும்ப மாட்டும்படி உன் கணவருக்கு அவருடைய கட்டளை. இங்கே குளிர் அதிகம், எல்லோருக்கும் தடிமன், மற்றபடி குறைவில்லை. அப்பாவுக்கு உப்பைக் குறை. அவர் கெஞ்சினாலும் கொடுக்காதே. அவர் கெஞ்சுவதில் கெட்டிக்காரர்.

அடுத்த புதன் விபூதிப் புதன். தவக்காலம் முடியும்வரை நாங்கள் கடிதம் எழுதுவதுமில்லை, வாங்கி வாசிப்பதுமில்லை. அதனால் அவசரமாகவே எழுதி முடித்தேன். கஜுவுக்கு முந்திரி என்று நல்ல தமிழ் இருக்கும்போது வேறு என்ன யோசனை? "முந்திரி வைன்" என்று எழுதியிருக்கிறேன். ‘ந்’ மேலுள்ள புள்ளியைப் பார், அது பழம். ‘தி’யின் சுழி காம்பு. இடது பக்கம் கொஞ்சம் வெற்றிடம் இருக்கும். அங்கே ஒரு இலை வரைய நினைத்தேன், பூசைக்கான ஓஸ்தி அப்பம் சுடும் என் முறை வந்துவிட்டது, நேரமில்லை. அந்த இடம் அப்படியே இருக்கட்டும், பாட்டிலில் ஒட்டும்போது கண்ணுக்கு ஆறுதலாக இருக்கும்.

இருபத்திரண்டு வருஷமாக நான் ஊருக்கு ஒன்றும் செய்யவில்லை. கடைத்தட்டில் என் எழுத்து நிற்கும் என்று நினைக்கச் சந்தோஷமாக இருக்கிறது. இதுவும் பெருமைதான். நானும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறேன்.

ஆண்டவருக்குள்,
உன் அக்கா றெஜினா
(மடத்தில் சகோதரி மரிய அமலா)

*

மட்டக்களப்பு
12.04.2024

அன்புள்ள அக்கா,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் உங்கள் எல்லோரோடும். தவக்காலம் முழுவதும் உன்னிடம் சொல்வதற்குச் சேர்த்து வைத்ததில் பாதி மறந்துவிட்டது.

லேபல் அச்சடித்தாகிவிட்டது. நீ எழுதியதில் ஒரு கோடும் மாற்றவில்லை. அச்சகத்தில் தந்த முதல் தாளை அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக விரலால் தடவினார். "றெஜினாட எழுத்து" என்றார். அன்று அவர் உப்புக் கேட்டார், நானும் கொடுத்துவிட்டேன்.

ஒரு விஷயத்துக்குச் சுதாகரன் விழுந்து விழுந்து சிரிக்கிறார். ‘பாட்டில்’ என்று எழுதியிருக்கிறாய். போத்தல் எங்கே போனது அக்கா? எங்கள் பிள்ளையை இந்தியாக்காரர்கள் மாற்றிவிட்டார்கள் என்கிறார்.

போன வருஷத்து வைன் முழுவதையும் போத்தலில் அடைத்து உன் லேபலை ஒட்டி முடித்தோம். சாலிஹ் காக்கா கொட்டை ஏற்ற வந்தவர் லேபலைப் பார்த்து ஏதோ கேட்டார். பகிடிதான். "கொட்டை எனக்கு, பழம் உங்களுக்கு. போத்தலுக்குள்ள நான் மூக்க நீட்ட மாட்டன் புள்ள" என்று வழக்கம்போலச் சொல்லிவிட்டுப் போனார்.

கோயிலுக்குப் புதுப் பங்குச் சாமி வந்திருக்கிறார். மன்னார் ஆள், இளம் வயது, நல்ல பிரசங்கம். போன கிழமை கொட்டிலுக்கு வந்து, "எங்கட கோயில் பிள்ளை செய்யிற வைன் இருக்க நான் ஏன் கொழும்பைப் பாத்துக்கொண்டு இருக்க வேணும்? கோயிலுக்கு ரெண்டு பெட்டி தாங்கோ" என்று வாங்கிப் போனார். திருநாள் சாப்பாட்டுக்காக இருக்கும். எங்கள் முதல் வியாபாரம் கோயிலோடு.

அப்பா இந்த வருஷத்துச் சாற்றை ருசி பார்த்தார். "குடிக்கலாம். ஆனா இப்ப வித்துப்போடாத" என்றார். அவர் வாயில் இதைவிடப் பெரிய பாராட்டு வராது. முன்னைப்போல எழுந்து நடப்பதில்லை. நீ கவலைப்படாதே.

தங்கச்சி,
மெற்றில்டா

*

மட்டக்களப்பு
12.06.2024

அன்புள்ள அக்கா,

மடத்துக்குத் தொலைபேசியில் செய்தி சொன்ன பிறகு நான் உனக்கு எழுதவில்லை. பேனையை எடுத்தால் கை ஓடவில்லை. நீ அனுப்பிய நான்கு வரியைத் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

அப்பா கஷ்டப்படவில்லை. மே ஒன்பதாம் திகதி விடிய தேத்தண்ணி கேட்டார். நான் ஊற்றிக்கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. அவரோடு வேலை செய்த பஸ்காரர்கள் எல்லோரும் வந்தார்கள். பெட்டி கோயிலை விட்டு வெளியே வரும்போது வீதியில் நின்ற பஸ் ஒன்று ஹோர்ன் அடித்தது. யார் சொல்லி அடித்தார்களோ தெரியாது. அதுவரை அழாத சுதாகரன் அதற்கு அழுதார்.

போன சனிக்கிழமை முப்பத்தோராம் நாள் பூசை. நீ கேட்டு எழுதியிருந்தாய், அதனால் எல்லாம் சொல்கிறேன். கோயில் நிறைய ஆட்கள். அப்பாவின் படத்துக்கு முன்னால் அவருடைய பஸ் வேலைச் சட்டை. அப்பாவுக்குப் பிடித்த மாதா பாட்டைப் பாடினார்கள். சாமி பிரசங்கத்தில், "ஆயிரக்கணக்கான பேரை வீட்டில கொண்டுபோய் இறக்கினவரை இண்டைக்கு ஆண்டவர் தன் வீட்டில இறக்கியிருக்கிறார்" என்றார். உன் பெயரையும் சொல்லி, "வர முடியாத மகள் அங்கே செபத்தில் இருக்கிறா" என்றார். சாலிஹ் காக்கா வெளியே வாகை மரத்தடியில் பூசை முடியும்வரை நின்றார்.

நீ இல்லாதது எனக்குப் பெரிய குறைதான் அக்கா. உன் மேல் கோபமும் வந்தது. இப்போது இல்லை.

தங்கச்சி,
மெற்றில்டா

*

சேசு மரி சூசை
02.07.2024

பிரியமுள்ள தங்கச்சிக்கு,

உன் உடம்பைக் கவனி. நீ ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்று எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

கோபம் வந்ததை மறைக்காமல் எழுதினாயே, அதற்கு நன்றி. எனக்கும் என் மேல் கோபம் வந்தது. அடைபட்ட மடம் என்று தெரிந்துதான் வந்தேன், ஆனால் தெரிந்திருப்பது வேறு, அப்பாவின் பெட்டி கோயிலை விட்டு வரும்போது நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தது வேறு.

முப்பத்தோராம் நாள் பூசையைப் பற்றி நீ எழுதியதை மனப்பாடமாக வைத்திருக்கிறேன். அன்று காலை இங்கே என்னுடைய முறை, ஓஸ்திக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். கோதுமை மாவு, தண்ணீர். வேறு ஒரு துளியும் சேரக்கூடாது, சேர்ந்தால் அது ஓஸ்தி ஆகாது. அங்கே சாமி கிண்ணத்தை உயர்த்திய நேரம் இதுவாக இருக்கும் என்று மனதில் ஒரு கணக்குப் போட்டு, கரண்டியை வைத்துவிட்டு முழங்காலில் நின்றேன். ஒரு பிடி மண் போட வராத மகளுக்கு அந்தப் பூசை ஒன்றுதான் மிச்சம். அது இருக்கிறது, போதும்.

வைன் எப்படிப் போகிறது? கடையில் என் எழுத்தைப் பார்த்துவிட்டு யாராவது ஏதாவது சொன்னார்களா?

ஆண்டவருக்குள்,
அக்கா

*

மட்டக்களப்பு
04.08.2024

அன்புள்ள அக்கா,

நாங்கள் சுகம். உன் கடிதம் கிடைத்தது.

இங்கே கச்சான் காற்று, புழுதி. வைன் வேலை கொஞ்சம் ஓய்வாக இருக்கிறது. சுதாகரன் கொட்டிலுக்குக் கூரை மாற்றுகிறார். புதுச் சாமி இப்போதெல்லாம் விடியற்காலமே கோயிலைத் திறந்துவிடுகிறார்.

லேபலைப் பற்றி எல்லோரும் கதைக்கிறார்கள்.

மதருக்கு என் வணக்கம்.

தங்கச்சி

*

சேசு மரி சூசை
30.08.2024

பிரியமுள்ள தங்கச்சிக்கு,

நலம் விசாரித்து எழுத உன் கடிதத்தில் எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. இவ்வளவு சின்னக் கடிதம் நீ எழுதியதே இல்லை. காற்றையும் கூரையையும் பற்றி எழுதியிருக்கிறாய். உன்னையும் வைனையும் காணோம். சாமி கோயிலைத் திறக்கும் நேரம் எனக்கு எதற்கு?

உடம்புக்கு ஏதாவதா? சுதாகரனோடு சண்டையா? இரண்டும் இல்லையென்றால் வைனிலே ஏதோ நடந்திருக்கிறது. திரும்பவும் வினாகிரி ஆகிவிட்டதா? ஆகியிருந்தால் சொல், அதற்கும் செபிக்கலாம்.

ஒரே ஒரு லேபலை அனுப்பு. அப்பா விரல் பட்ட அந்த முதல் தாள் இருந்தால் இன்னும் நல்லது. என் செபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்கிறேன்.

ஆண்டவருக்குள்,
அக்கா

*

சேசு மரி சூசை
14.10.2024

தங்கச்சி,

என் போன கடிதத்துக்கு உன் பதில் வரவில்லை. இப்போது காரணம் தெரிந்துவிட்டதால் திரும்ப நானே எழுதுகிறேன்.

எங்களுக்குத் தியானம் கொடுக்க ஒரு சாமியார் வந்திருந்தார். யாழ்ப்பாணத்தவர், பெங்களூரில் படிக்கிறார். கடைசி நாள் மதர் அவரைக் கம்பித் தடுப்புக்கு அப்பால் உட்கார வைத்து, சிரிப்பதற்கு ஏதாவது சொல்லும்படி கேட்டார். அவர் ஒரு கதை சொன்னார். மட்டக்களப்புப் பக்கம் ஒரு புதுச் சாமி கடையில் ‘முந்திரி வைன்’ என்று கண்டு வாங்கி இரண்டு மாதம் பூசை வைத்தாராம். பார்த்தால் அது கஜு வைனாம். போத்தலைத் திருப்பியிருந்தால் பின்பக்கம் சிங்களத்தில் இருந்ததாம். பூசைக்குத் திராட்சை வைன் மட்டுமே செல்லும் என்பதால் அத்தனை பூசையும் செல்லாமல் போய் ஆயர் திரும்ப வைக்கச் சொன்னாராம்.

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன்.

இங்கத்துச் சிஸ்டர் ஒருவர், "முந்திரி என்றாலே கஜு தானே, அதிலே என்ன தப்பு?" என்று கேட்டார். சாமியார் விளக்கினார். "எங்கட ஊரில முந்திரி எண்டா திராட்சை, சிஸ்டர். கோயிலில வாசிக்கிறது முந்திரித் தோட்டம். கஜு எண்டா மரமுந்திரி. ஆனா அந்த லேபல்ல எழுத்து நல்ல வடிவு. ‘ந்’ மேல புள்ளிக்குப் பதிலா ஒரு பழம் வரைஞ்சிருக்கு" என்றார்.

எனக்கு அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

உன்னிடம் ஒன்றுதான் கேட்கிறேன். அப்பாவின் முப்பத்தோராம் நாளும் அந்த வைனில்தானா? ஓம் என்றால் ஓம் என்று எழுது. கூரையைப் பற்றி எழுதாதே.

அக்கா

*

மட்டக்களப்பு
01.11.2024

அன்புள்ள அக்கா,

ஓம்.

இதை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்திருக்கிறேன்.

சாமி ‘கோயிலுக்கு’ என்று கேட்டதை நான் சாப்பாட்டுக்கு என்று நினைத்தேன். பூசைக்கு என்று தெரிந்திருந்தால் செத்தாலும் கொடுத்திருக்க மாட்டேன். வெள்ளை வைன் என்பதால் நிறமும் காட்டிக்கொடுக்கவில்லை, நமக்கெல்லாம் ஓஸ்தி மட்டும்தானே, கிண்ணத்தைச் சாமி ஒருவர்தான் குடிக்கிறார். அவர் கஜுப்பழம் தின்று வளர்ந்தவரில்லை. ஜூன் முடிவில், பீடத்துச் சாமான்கள் கழுவும் கோயில் பணியாளர், நம்முடைய சங்கிலித்தாம்தான் மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "சாமி, இது கஜு மணக்குதே" என்றாராம்.

சாமி என்னைத் திட்டவில்லை. போத்தலோடு வந்து கொட்டில் வாசலில் நின்று, "இது முந்திரிதானே அக்கா?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்தேன். அவ்வளவுதான். அன்றிலிருந்து விடியற்காலம் ஒன்று, வழக்கமான நேரத்தில் ஒன்று என்று செல்லாமல் போன பூசைகளை ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்தார். அப்பாவுடையதை ஆடி மாதம் வைத்தார். கோயிலில் சாமியும் சங்கிலித்தாமும் நானும்தான். கொழும்பிலிருந்து வந்த திராட்சை வைன். நான் போத்தலைத் திருப்பிப் பின்பக்கமும் வாசித்தேன்.

உன்னுடைய கடிதம், அந்த வெங்காயத்தையும் கரண்டியையும் பற்றி எழுதிய கடிதம், சாமி வாசலில் வந்து நின்ற மூன்றாம் கிழமை வந்தது. ‘அது இருக்கிறது, போதும்’ என்று எழுதியிருந்தாய். அதற்கு என்ன பதில் எழுத முடியும் அக்கா? அதனால்தான் காற்றும் கூரையும்.

பிறகு யாரோ முறைப்பாடு கொடுத்து அதிகாரி வந்தார். முன்னுக்கும் பின்னுக்கும் பார்த்தார். "சிங்களத்தில கஜு, தமிழில முந்திரி. எது உள்ளுக்க இருக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அறையைப் பூட்டி முத்திரை வைத்துவிட்டார். விற்றது போக மிச்சமிருந்த போன வருஷத்து வைன் முழுவதும் அதற்குள். டிசம்பர் முடிவதற்குள் லேபலைத் திருத்தாவிட்டால் அடுத்த வருஷத்துக்கு அனுமதிப்பத்திரமும் இல்லை. இத்தனை வருஷ உழைப்பு அந்தப் பூட்டுக்குப் பின்னால் நிற்கிறது.

மேலே புதுசு ஒட்டுவோம் என்று சுதாகரன் அன்றைக்கே சொன்னார். நான் விடவில்லை. எழுத்து வந்த அன்றே பிழை எனக்குத் தெரியும், அக்கா. ‘மர’ இல்லை என்று கண்டேன். உன்னிடம் கேட்டு எழுதலாம் என்றால் தவக்காலம். நானே சேர்த்துவிடலாம் என்று அச்சகத்துக்குப் போனேன். அதற்குள் அவர்கள் எடுத்துவைத்த மாதிரித் தாளைத்தான் அப்பாவிடம் காட்டினேன். அவர் தடவினதைப் பார்த்த பிறகு எனக்கு அதில் கைவைக்க மனம் வரவில்லை. எல்லோரும் விளங்கிக்கொள்வார்கள் என்று நினைத்தேன். சாலிஹ் காக்கா அன்றைக்குக் கேட்டது பகிடியில்லை. "நீங்க எப்ப புள்ள முந்திரிக் கொடி நட்டீங்க?" என்று கேட்டார். நான்தான் சிரித்து மழுப்பினேன்.

புதிதாக எழுதித் தா என்று உன்னிடம் கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். கேட்காமல் செய்தால் உன் எழுத்தை மறைக்க வேண்டும். இரண்டும் செய்யாமல் நான்கு மாதம் இருந்துவிட்டேன். சுதாகரன் என்னோடு கதைத்துக் களைத்துப்போனார்.

அப்பாவின் விரல் பட்ட தாளை இதோடு வைத்திருக்கிறேன். நாளை இறந்தோர் திருநாள். உனக்காகவும் ஒரு திரி கொளுத்துகிறேன்.

தங்கச்சி,
மெற்றில்டா

*

சேசு மரி சூசை
24.11.2024
கிறிஸ்து அரசர் திருநாள்

பிரியமுள்ள தங்கச்சிக்கு,

எல்லோரும் சுகம். எல்லோருடைய விரலிலும் மை.

முதலில் அப்பா விஷயம். ஆடியில் வைத்த பூசையோடு அது நேராகிவிட்டது. இங்கேயும் ஒன்று வைத்தோம். அதற்கு முன்னும் அவர் நடுவழியில் நின்றிருப்பார் என்று நான் நம்பவில்லை. கடவுளுக்கு இரண்டு தமிழும் விளங்கும். நான் கரண்டியை வைத்துவிட்டு முழங்காலில் நின்றதும் வீணில்லை. ஆனாலும் முதல் நாள் இரவு அழுதேன், உன்னிடம் மறைக்க மாட்டேன். நீயும் இனி மறைக்காதே. என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு நான்கு மாதம் என்னைத் தனியே விட்டுவிட்டாய்.

இரண்டாவது, அந்த ‘மர’ எங்கே போனது என்று எனக்குத் தெரியும். இங்கே வந்த முதல் வருஷம் சமையலறையில், பாயாசத்துக்கு மரமுந்திரி எங்கே என்று கேட்டேன். சிஸ்டர் சவேரியா, "மரமுந்திரியா? பின்னே முந்திரி என்ன, கொடியிலா காய்க்கும்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் ஊரில் முந்திரி கொடியில்தான் காய்க்கும் என்று சொல்ல எனக்கு அன்று வாய் வரவில்லை. புதுசு, ஊர் நினைவு வேறு. அடுத்த தடவை முந்திரி என்றே கேட்டேன். அதற்குப் பிறகு ‘மர’ என்று நான் சொல்லவே இல்லை. போத்தலும் அப்படித்தான் போயிருக்க வேண்டும்.

உன் கடிதத்தை மதர் வாசித்துவிட்டு, மாலைப் பொழுதுபோக்கு நேரத்தில் என்னை எழுந்து நின்று இதைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். சிஸ்டர் சவேரியாவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது, அந்தப் பாயாசம் அவருக்கு நினைவில்லை. என்னைக் கிட்டக் கூப்பிட்டு, "எத்தனை பாட்டில்?" என்று கேட்டார். "போத்தல்" என்றேன்.

என் எழுத்தை மறைக்க வேண்டாம். முந்திரிக்கு முன்னால் இலைக்கென்று விட்ட இடம் இருக்கிறதே, இரண்டு எழுத்துக்கு அது தாராளம். ஓஸ்திப் பெட்டிக்கு ஒட்டும் பசைத்தாளில் வெட்டி, எல்லாப் போத்தலுக்கும் போதுமான அளவு ‘மர’ எழுதி அனுப்பியிருக்கிறோம். நான் ஒரு மாதிரி எழுதிக் கொடுத்தேன், மற்றவர்கள் பார்த்து எழுதினார்கள். எல்லாம் ஒரே மாதிரி இருக்காது. சில குண்டு, சில சாய்வு. ஆகக் கோணலாக இருப்பது சிஸ்டர் சவேரியாவுடையது, அவருக்குக் கை நடுக்கம். ஆனால் எங்கள் எல்லோரையும்விட அதிகம் எழுதியது அவர்தான்.

கதை சொன்ன அதே சாமியார் விடுமுறைக்கு ஊருக்கு வருகிறார், பார்சலை அவர் கையில் கொடுக்கிறேன். அடுத்த ஞாயிறு திருவருகைக் காலம் தொடங்குகிறது. நீ எழுதும் பதிலை நத்தாருக்குத்தான் மதர் என்னிடம் தருவார். அவசரமில்லை. நீளமாக எழுது.

ஆண்டவருக்குள்,
அக்கா றெஜினா

*

மட்டக்களப்பு
18.12.2024

அன்புள்ள அக்கா,

நீ இதை வாசிக்கும்போது நத்தார் வந்திருக்கும். உனக்கும் மதருக்கும் எல்லாச் சிஸ்டர்மாருக்கும், முக்கியமாகச் சிஸ்டர் சவேரியாவுக்கும் எங்கள் வாழ்த்து.

சாமியார் பார்சலைத் தன் கையாலேயே கொண்டுவந்து தந்தார். அந்த எழுத்து யாருடையது என்று அவருக்கு இப்போதுதான் தெரியுமாம். கம்பித் தடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து தான் சொன்ன கதையை நினைத்துத் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தார். ஒரு போத்தல் கொடுத்தனுப்பினேன்.

அதிகாரிக்குச் சொல்லி அறையைத் திறந்து ஒட்டினோம். வெளியே நல்ல மழை. வாவித் தண்ணீர் வீதிக்கு ஏறிவிட்டதால் வேலைக்கு வருகிற பெண்கள் வரவில்லை. நானும் சுதாகரனும் தொடங்கினோம். பிறகு நம்முடைய சாமி சங்கிலித்தாமையும் கூட்டிக்கொண்டு வந்தார். அங்கியின் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டு, "நான்தானே முதல்ல பிழையா வாசிச்சவன்" என்று நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். கொட்டைக் கணக்கு முடிக்க வந்த சாலிஹ் காக்கா போத்தலைத் தொடவில்லை. வாசலில் நின்று ‘மர’வைப் பசைத்தாளிலிருந்து ஒவ்வொன்றாக உரித்து எங்கள் விரலில் வைத்துத் தந்தார். "இது கடதாசிதானே, பரவாயில்ல" என்றார்.

அதிகாரி வந்தார். ஒரு போத்தலை எடுத்து முன்பக்கம் வாசித்தார், பின்பக்கம் வாசித்தார். இன்னொன்றை எடுத்தார். அது சிஸ்டர் சவேரியாவுடையது. "இதென்ன இப்பிடிக் கோணலாக் கிடக்கு?" என்று கேட்டார். "எழுபது வயசு ஆள் எழுதினது ஐயா" என்றேன். கோணல் சட்டத்துக்கு விரோதமில்லை என்று சொல்லிவிட்டு அறைக்குப் போட்ட தடையை நீக்கினார். அனுமதிப்பத்திரம் அடுத்த வருஷத்துக்கும் உண்டு. நத்தாருக்கு முன்னம் பாதிக்கு மேல் போய்விட்டது. கோணல் ‘மர’ உள்ள போத்தலைத்தான் ஆட்கள் தேடி எடுக்கிறார்கள்.

சுதாகரன் கலியாணப் படத்தைத் திரும்ப மாட்டியிருக்கிறார், மதருக்குச் சொல்லு. இரண்டு ஆணி அடித்தார்.

அடுத்த வருஷம் ‘மரமுந்திரி’ என்று ஒழுங்காகச் சேர்த்து அச்சடிப்போம் என்று அவர் சொல்கிறார், அச்சகத்திலும் அப்படித்தான் சொல்கிறார்கள். நான் வேண்டாம் என்றுவிட்டேன். அப்பா தடவின மாதிரியே ‘முந்திரி’யை மட்டும் அச்சடிப்போம். ‘மர’ ஒவ்வொரு வருஷமும் உன்னிடமிருந்து வரட்டும். தவக்காலத்துக்கு முன்னம் அனுப்பிவிடு.

தங்கச்சி,
மெற்றில்டா